பழைய டாப் எண்ட் பிராசசர மாத்தலாமா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, 2017ல வாங்குன இன்டெல் ஐ7 7700கே பிராசசர். போன மாசம் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன், கேம் இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடுது. பிராசசர்தான் காரணமா?

பதில்: கேம் ஓடும்போது ஜிபியு யூசேஜ், அதாவது கிராபிக்ஸ் கார்டு எத்தன சதவீதம் வேலை செய்யுதுன்னு பாருங்க தம்பி. 97, 98ல நின்னா கார்டுதான் முழு மூச்சுல ஓடுது, பிராசசர மாத்தி பைசா பிரயோஜனம் இல்ல. 60க்கும் 70க்கும் நடுவுல ஊசலாடிட்டு, ரெசல்யூஷன குறைச்சும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்ங்கிற கணக்கு) ஏறலன்னா பெரும்பாலும் பிராசசர்தான், கார்டுக்கு வேலை குடுக்க முடியாம திணறுது. 7700கேயோட 4 கோர் 8 த்ரெட் (கோர்னா பிராசசருக்குள்ள வேலை செய்யுற பகுதி, த்ரெட்னா ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை) அன்னைக்கு ராஜா, 2022ல வந்த ஐ3 12100லயே அதே 4 கோர் 8 த்ரெட் இருக்கு, அதுவே இத முந்திடும்.

கேள்வி: அப்போ என்கிட்ட இருக்குற அதே இசட்270 மதர்போர்டுல அடுத்த தலைமுறை 8700கே பிராசசர் போட்டுக்கலாமா? சாக்கெட் (பிராசசர் உக்கார்ற இடம்) ஒண்ணுதானே?

பதில்: பேரு மட்டும்தான் ஒண்ணு. ரெண்டும் எல்ஜிஏ 1151தான், ஆனா 8700கேக்கு 300 சீரிஸ் சிப்செட் (போர்டோட கட்டுப்பாட்டு சிப்) இருக்குற போர்டு வேணும். பயாஸ (போர்டுலயே இருக்குற, கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர்) மாத்தி, பிராசசரோட காண்டாக்ட்ல டேப் ஒட்டி ஓட்டுறவங்க இருக்காங்க, உங்களுக்கு அந்த வம்பு எதுக்கு? இன்னொண்ணு, 7700கே விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் பண்ற பிராசசர் லிஸ்ட்லயும் இல்ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டும் முடிஞ்சுது. போர்டு, ரேம், பிராசசர் மூணையும் சேத்து மாத்துறதுக்கு காசு சேருங்க.

கேள்வி: என்கிட்ட இருக்குறது ஏஎம்டியோட ரைசன் 7 1800எக்ஸ் பிராசசர், எக்ஸ்370 போர்டு. எனக்கும் அதே கதிதானா?

பதில்: உங்களுக்கு அடிச்சது யோகம்! ஏஎம்4 (ஏஎம்டியோட சாக்கெட்) போர்டுங்கிறதால பயாஸ் அப்டேட் இருந்தா ரைசன் 7 5800எக்ஸ்3டி வரைக்கும் போகலாம், அதுல 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்குற வேகமான மெமரி), கேமுக்கு அதுதான் பெரிய பலம், ரேமும் போர்டும் அப்படியே இருக்கும். பழைய சிப்ப கழட்டுறதுக்கு முன்னாடியே பயாஸ அப்டேட் பண்ணிடுங்க, நான் அவசரத்துல புதுசப் போட்டுட்டு கருப்பு ஸ்கிரீனப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், திரும்ப பழசப் போட்டு அப்டேட் பண்ண வேண்டியதாப் போச்சு. கூலர கழட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஏதாவது ஓட்டி சூடாக்குங்க, அப்புறம் ஆஃப் பண்ணிட்டு லேசா இடமும் வலமும் திருகி எடுங்க. நேரா இழுத்தா காஞ்ச தெர்மல் பேஸ்ட்டோட (சூட்ட கடத்த பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல பூசுறது) ஒட்டிக்கிட்டு பிராசசரும் சாக்கெட்ட விட்டு வந்துரும், பிராசசரோட அடியில இருக்குற பின் வளைஞ்சா ஏடிஎம் கார்டு ஓரத்தால ஒவ்வொரு வரிசையா நிமித்த வேண்டியதுதான், கை நடுங்கும்.

கேள்வி: இன்டெல் ஐ9 9900கே வெச்சு வீடியோ எடிட்டிங் பண்றேன். ரெண்டரிங்ல 95 டிகிரி போகுது அண்ணா.

பதில்: 8 கோர் 16 த்ரெட்மா, விண்டோஸ் 11ம் ஓடும், அவசரப்பட வேணாம். டப்பால 95 வாட்னு போட்டிருந்தாலும் போர்டு பவர் லிமிட்ட திறந்துவிட்டா ரெண்டரிங்ல 150 வாட்டுக்கு மேல குடிக்கும். கூலர்ல தூசி தட்டி புது பேஸ்ட் போட்டு, பயாஸ்ல பவர் லிமிட்ட கொஞ்சம் இறக்கிப் பாருங்க. அப்பவும் 95லயே நின்னா கூலர மாத்துங்க, பிராசசர இல்ல.