பிரியாணிப் பந்தயத்தில் யார் ஜெயித்தது?

கீழக்கரைத் தம்பிக்கு,

ஒரு கால்பந்து கிளப் இன்னொரு கிளப்பிடமிருந்து வீரரை வாங்கி 5 வருட ஒப்பந்தம் போட்டால், வாங்கிய விலையையும் 5 வருடமாகத்தான் கட்டுவார்கள் என்கிறார் உங்கள் நண்பர். இல்லை, ஒரே தவணை என்கிறீர்கள் நீங்கள். இரண்டுமே முழுசாகச் சரியில்லை.

கணக்கில் எழுதுவது வேறு, கையில் பணம் மாறுவது வேறு. 2016இல் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் இகுவாயினை நாப்போலி கிளப்பிடமிருந்து இன்னொரு இத்தாலி கிளப்பான யுவென்டஸ் 9 கோடி யூரோவுக்கு வாங்கியது. வீரரோடு ஒப்பந்தம் 5 வருடம். ஆகவே கணக்குப் புத்தகத்தில் விலையை ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு 1.8 கோடி செலவு. ஆனால் பணத்தை 2 நிதியாண்டுகளில் கட்டுவதாகத்தான் பேச்சு. ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். படகு பத்து வருடம் கடலுக்குப் போகும், கடனை அதற்கு ரொம்ப முன்னாடியே அடைத்தாக வேண்டும்.

உங்கள் பக்கம் பேச பிரேசில் வீரர் நெய்மார் இருக்கிறார். பார்சிலோனா கிளப்போடு அவர் போட்ட ஒப்பந்தத்திலேயே விடுவிப்புத் தொகை, அதாவது கட்டினால் வீரர் கிளப்பை விட்டுப் போகலாம் என்ற தொகை, எழுதியிருந்தது; 2017இல் அந்த 22.2 கோடி யூரோ மொத்தமாகக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட விதி இல்லாத இடத்தில் இரு கிளப்பும் பேசி முடிப்பதுதான் தவணை.

அப்புறம், செய்தியில் வரும் பெரிய தொகையை அப்படியே நம்பாதீர்கள். இத்தனை கோல் அடித்தால், ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் என்று நிபந்தனைப் பணமும் அதில் கலந்திருக்கும். மீன் பட்டால்தான் பங்கு.

சரி, பிரியாணிக் காசை ஆளுக்குப் பாதி போடுங்கள். தவணைக்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார்.