மருந்துக்கடை அக்கா பதில்கள்: பாதி மாத்திரை

அக்கா, வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இரண்டும் உண்டு. தோட்டத்திலிருந்து அரசாங்க கிளினிக் ஒன்பது கட்டை (மைல்). கூட்டிப்போக ஆளில்லாமல் டவுனில் தனியார் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்குகிறோம், மாதம் 168 வெள்ளி (ரிங்கிட்). பக்கத்து வீட்டு மாமி அதே மாத்திரைகளை மருந்துக்கடையில் 60 வெள்ளிக்குள் வாங்குகிறார். நிறம் வேறு, பெயர் வேறு. டூப்ளிகேட்டா? அம்மா இரண்டு மாதமாக மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது நேற்றுதான் தெரிந்தது.
வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

தங்கச்சி, விலை அப்புறம். முதலில் அந்தப் பாதி மாத்திரை. இன்றைக்கே யாரிடமாவது அம்மாவின் கொதிப்பை அளந்து பாருங்கள். ஏறினால் தலை வலிக்கும், தெரிந்துவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. என் சித்தப்பா இப்படித்தான் பாதிப் பாதியாக ஓட்டினார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் முறுக்குத் தட்டைத் தூக்கப் போனவருக்கு வலது கை எழும்பவில்லை. இனிப்புநீர் மாத்திரையில் இன்னொரு சங்கடம். மெல்லக் கரைவதற்கென்றே செய்த வகையை உடைத்தால், நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அம்மாவைத் திட்டாதீர்கள். உங்கள் காசை அவர் மிச்சம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, டூப்ளிகேட்டா? மாமியின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், சாய்த்துப் பார்த்தால் மின்னும் ஒட்டுவில்லையும் இருந்தால் அது பதிவு பெற்ற மருந்து. நிறம் ஒரு கணக்கே இல்லை. பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் சரக்கு. ரத்தக் கொதிப்புக்கு நார்வாஸ்க் என்று வாங்கினாலும் சரக்கு அம்லோடிபின்தான். கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டால் மற்றவர்களும் அதைச் செய்யலாம். ஆனால் தங்கள் மாத்திரையும் அசலைப் போலவே ரத்தத்தில் சேர்கிறது என்று சோதித்துக் காட்டவேண்டும். ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீர் விற்ற குடும்பத்திலிருந்து வந்த ஹோவிட் கம்பெனி நம் ஈப்போவிலேயே இப்படி மாத்திரை செய்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கும் மாத்திரைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அதைச் சாப்பிட்டு நடமாடுகிறவர்கள் உங்கள் லயத்து வீடுகளிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படித்து முடித்த புதிதில் நான் வேலை பார்த்த கடையில் விலை கூடியதை முதலில் எடுத்து வை என்பார்கள். வைத்தேன். மலிவானது உண்டா என்று கேட்டவர்களுக்கு மட்டும் மலிவானது. கேட்காதவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறவர்கள். என் அப்பா தோட்டத்து டிரஸராக, அதாவது மருந்தறையில் மருந்து கொடுப்பவராக, இருந்தவர். மிக்சர் மருந்து பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுப்பார். கம்பெனி செலவு, யாரும் விலை கேட்டதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அந்த மருந்தறையும் போயிற்று. விலை கேட்கும் பழக்கம் மட்டும் நம்மவர்களுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது கேட்கலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதற்காக இவ்வளவுக்கு மேல் விற்காதே என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாக எண்ணாதீர்கள். 2019-இல் அமைச்சரவை விலைக் கட்டுப்பாட்டுக்குத் தலையசைத்தும் அது நடைமுறைக்கு வராமல் போனது. விலைப்பட்டியலை எதிர்த்து 2025 மே 6 அன்று டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடினார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நோயாளியைப் பார்க்கும் கூலியை அரசாங்கம் பல ஆண்டுகளாக 10 முதல் 35 வெள்ளிக்குள் கட்டி வைத்திருந்தது. வாடகை, தாதி சம்பளம் எல்லாம் மருந்தில்தான் வரவேண்டியிருந்தது. ஆகவே உங்கள் 168 வெள்ளி முழுதும் மாத்திரை விலையல்ல. எது எவ்வளவு என்று பில்லைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு, "டாக்டர், இதே சரக்கு மலிவான கம்பெனியில் இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வெளியே வாங்கிக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். முகம் கொஞ்சம் மாறலாம், மாறட்டும். சீட்டு கேட்பது உங்கள் உரிமை.

கடை வைத்திருப்பவள் சொல்லக்கூடாத புத்தி ஒன்றும் சொல்கிறேன். அம்மாவை ஒரே ஒரு நாள் விடுப்பெடுத்து அரசாங்க கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். அடுத்தடுத்த மாத மருந்தை உங்களுக்கு வசதியான வேறு அரசாங்க கிளினிக்கில் எடுக்க ஸ்புப் என்ற ஏற்பாடு இருக்கிறது. தபாலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. கவுண்டரில் கேட்டால்தான் சொல்வார்கள்.

அண்ணனுக்கு ஹெப்படைட்டிஸ் சி (ஈரலைத் தாக்கும் கிருமி நோய்) என்று தெரியவந்தது. தனியாரில் சொன்ன தொகைக்கு அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு.
வாசகர், கோலகங்சார்

தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும். அண்ணனை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், மருத்துவமனைக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். இந்த நோய்க்கான சோபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒன்று 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். இவ்வளவு கொடுத்து எந்த ஏழை பிழைப்பது? 2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவை எடுத்தது. காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் மக்கள் தேவைக்காக மலிவுப் பதிப்பை வரவழைக்க அது இடம் தருகிறது. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் இதையே செய்து இந்தியாவிலிருந்து தருவித்தார்கள். 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இந்த ஹெப்படைட்டிஸ் சி சிகிச்சை இலவசம். பெரும்பாலானவர்களுக்கு முற்றாகக் குணமாகிறது. ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வாரக்கணக்கு கூடலாம். அண்ணனைத் தாமதிக்க விடாதீர்கள்.

சென்னைக்குப் போகும் உறவினரிடம் இனிப்புநீர் மாத்திரை வாங்கிவரச் சொல்லலாமா? அங்கே மலிவாமே.
வாசகர், தாப்பா

மலிவுதான். அங்கே அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசாங்கமே உச்சவிலை வைத்திருக்கிறது. ஆனால் பெட்டியும் டாக்டர் சீட்டும் இல்லாமல் வெறும் அட்டையாக யாரிடமும் வாங்காதீர்கள். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒருவர் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சாமி வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். சட்டைப்பையில் பாதி கிழிந்த அட்டை. மச்சான் சென்னையிலிருந்து கொண்டுவந்த மெட்பார்மின் என்றார். திருப்பிப் பார்த்தால் மெட்பார்மினோடு கிளிமெபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. கிளிமெபிரைடு ரத்தத்துச் சர்க்கரையை வேகமாக இறக்கும். அவரோ விரதம் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கோயில் வாசலில் இனிப்புச் சிராப் தண்ணீர் விற்ற பையன்தான் அன்றைக்கு டாக்டர்.