பெயர் மாற்றுவதுதான் இவர்களுக்கு வேலையா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். தாப்பாவில் எங்கள் வீட்டு எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு வருஷக் கடைசியில் ஒரு சின்னக் குருவி வருகிறது. முதுகு மங்கிய பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேலே நீளமான வெளிர்கோடு, சிறகில் மெல்லிய கோடு ஒன்று. 'ட்ஸிக்' என்று வெட்டினாற்போல் கத்தும், பாடிக் கேட்டதில்லை. என்னிடம் உள்ள பழைய பறவை நூலில் இந்த மாதிரிக் குருவிகளும் தையல்சிட்டும் ஒரே குடும்பம். பேத்தியின் புது நூலில் வேறு வேறு குடும்பம், சிலவற்றுக்குப் பெயரே வேறு. மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பறவை ஆய்வாளர்களுக்கு வேலையா? எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தாப்பா, மலேசியா

ஐயா, வணக்கம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் ஆர்க்டிக் கதிர்க்குருவி. உச்சந்தலை நடுவில் வெளிர்கோடு ஓடினாலோ சிறகில் இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரிந்தாலோ வேறு இனத்தை யோசிக்க வேண்டும். எடை சுமார் 10 கிராம்தான். ஆனால் அது கூடு கட்டும் நிலம் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் தொடங்கி சைபீரியா முழுக்க நீண்டு அலாஸ்கா வரை போகிறது. அலாஸ்காவில் பிறந்த குஞ்சுகூட அமெரிக்கக் கண்டத்தில் தெற்கே இறங்காமல் கடலைத் தாண்டி நம் பக்கத்துக்குத்தான் வருகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

சரி, குடும்ப விஷயம். பழைய நூல்களில் சில்வியிடே என்ற குடும்பம் 'இதர சாமான்' பெட்டி மாதிரி இருந்தது. சின்ன உருவம், மெல்லிய அலகு, பூச்சி தின்னும், நிறம் மங்கல் என்றால் அதில் போட்டுவிடுவார்கள். மரபணுவைப் படிக்க ஆரம்பித்ததும் அது நிற்கவில்லை. 2006ல் வந்த ஆய்வுக்குப் பிறகு, உங்கள் குருவியும் சேர்ந்த இலைக் கதிர்க்குருவிகளுக்கு ஃபைலோஸ்கோபிடே என்று தனிக் குடும்பம். இப்போது அதில் ஏறத்தாழ 80 இனங்கள். உங்கள் எலுமிச்சைச் செடியில் இலையைத் தைக்கும் தையல்சிட்டு சிஸ்டிகோலிடே என்ற இன்னொரு குடும்பத்துக்குப் போயிற்று. அதைவிட வேடிக்கை, நம்மூரிலிருந்து மேலே ஏறினால் கேமரன் மலையில் இருக்கும் மலைத் தையல்சிட்டு தையல்சிட்டின் சொந்தமே இல்லை, அதற்குச் செட்டியிடே என்று வேறொரு குடும்பம். அதே காட்டில் செந்தலைக் கதிர்க்குருவி என்று சொல்லத்தக்க அழகான ஒன்று உண்டு, அதைத் தனிப் பேரினத்தில், அதாவது குடும்பத்துக்குள் வரும் சிறு குழு ஒன்றில், வைத்திருந்தார்கள்; மரபணு அதை இலைக் கதிர்க்குருவிகளின் நடுவிலேயே காட்டியதால் அந்தப் பேரினமே கலைந்துவிட்டது.

கண்ணால் பார்த்துப் பிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இவையெல்லாம் இலை இலையாகத் தாவிப் பூச்சி பொறுக்கும் பறவைகள், பச்சை உடம்பு அந்தப் பிழைப்புக்குத் தோதானது, அதனால் தோற்றம் அதிகம் மாறுவதில்லை. துணை தேடப் பயன்படும் பாட்டுதான் இடத்துக்கு இடம் மாறிப் போகிறது. இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1768லேயே, எல்லாரும் ஒன்றாகக் கருதிய கதிர்க்குருவியைப் பாட்டை வைத்து மூன்றாகப் பிரித்தார். பறவை பார்க்க இன்றைய இருகண் நோக்கியும் மரபணு ஆய்வுக்கூடமும் இல்லாத காலம் அது.

இப்போது உங்கள் மரத்துக்கு வருகிறேன். ஆர்க்டிக் கதிர்க்குருவி என்று ஒன்றாக எழுதிவந்ததை 2011ல் மூன்று இனங்கள் என்று காட்டினார்கள்: ஆர்க்டிக், கம்சட்கா, ஜப்பான். ஜப்பானின் ஹொன்ஷூ தீவில் கூடு கட்டுவது ஒன்று, நடுவே ஒரு ஜலசந்தி மட்டும் இருக்க, ஹொக்கைடோவில் கட்டுவது வேறொன்று. கையில் பிடித்தாலும் பிரிப்பது கஷ்டம், குரலிலும் மரபணுவிலும் தெளிவாக வேறு. மூன்றுமே குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியாவுக்கு வருகின்றன. ஒரே இனம் என்று எழுதிய காலத்துப் பதிவுகளை வைத்து எது எங்கே தங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஒன்றின் காடு அழிந்து எண்ணிக்கை சரிந்தால்கூட மற்ற இரண்டின் கணக்குக்குள் அது மறைந்துபோகும். பெயர் பிரிவது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சாதாரண ஆட்களுக்கு என்ன என்று கேட்டீர்களே, இந்த வேலைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும் ஐயா. பால்மரம் போய்ச் செம்பனை வந்த நம் தோட்டப்புறங்களில், பழைய லயத்து ஓரம், கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளித் திடல் என்று மிச்சமிருக்கும் பெரிய மரங்களில் யாரும் காது கொடுப்பதில்லை. பேத்தியின் கைப்பேசியில் அந்த 'ட்ஸிக்' சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், தேதியும் இடமும் சேர்த்து. ஏப்ரல் வாக்கில், கிளம்புவதற்கு முன்னால், சில சமயம் முழுப் பாட்டே பாடும், அது கிடைத்தால் இன்னும் நல்லது. ஸீனோ-காண்டோ என்ற இணையதளத்தில் இலவசமாக ஏற்றலாம், உலகம் முழுக்க உள்ள ஆய்வாளர்கள் கேட்பார்கள். அப்புறம், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட யாராவது வந்தால் தயவுசெய்து எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் வந்து பேசுகிறேன்.