சமீபத்திய அறிவியல் புனைகதை, மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை?

தன் வாசிப்பு சுஜாதாவோடு நின்றுவிட்டதாகச் சொல்லும் கேள்வியாளர் மூன்று விஷயங்களைக் கேட்கிறார். ஆங்கிலத்தில் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்தவற்றில் எங்கே தொடங்கலாம், அவற்றில் எது தேறும், இப்போது வருவதெல்லாம் இயந்திரம் எழுதியதுதானா?

நயோமி கிரிட்ஸரின் ‘தி இயர் விதவுட் சன்ஷைன்’ கதையில் தொடங்குங்கள். ‘அன்கேனி’ இணைய இதழில் 2023இல் வந்தது. காசு கொடுக்காமலே படிக்கலாம். அடுத்த ஆண்டு நெடுங்கதைப் பிரிவில், இந்த வகை எழுத்துக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் தட்டிச் சென்றது. விருதுக்காக நான் இதைச் சொல்லவில்லை. விருது வாங்கியும் எனக்கு ஒத்துவராத கதைகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

வானத்தைத் தூசி மூடிவிடுகிறது. ஏன் மூடியது என்று ஆசிரியர் மெனக்கெட்டு விளக்குவதில்லை. இணையம் போய்விட்டது, மின்சாரம் வந்தால் உண்டு. மினியாபோலிஸ் நகரத்தில் ஒரு தெரு. அங்கே சூசன் என்று ஒரு நுரையீரல் நோயாளி. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. அந்த இயந்திரம் நின்றுவிடாமல் தெருக்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் மொத்தக் கதையும். ஜெனரேட்டருக்கு வேண்டிய எரிவாயு சிலிண்டர் யாரிடம் இருக்கிறது, பதிலுக்கு அவருக்கு என்ன கொடுப்பது, சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுத்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகிறார்கள். படித்து முடிக்கும் வரை என்னால் கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை.

விண்கலம் இல்லை, ரோபோ இல்லை, இதில் எங்கே இருக்கிறது அறிவியல் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் அண்ணா நகரில் குடியிருப்பவர். நான் வட சென்னையில், திருவொற்றியூர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தெருவில் முனைக் கடைக்காரர் வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும்தான் உயிர் இருந்தது. வாசற்படியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பலகை, அதைச் சுற்றித் தெருவின் கைபேசிகள் எல்லாம். எது யாருடையது என்று குழம்பாமலிருக்கக் கடைக்காரரின் மனைவி ஒவ்வொன்றின் முதுகிலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதியிருந்தார். எதிர்வீட்டு ஆயாவின் நெபுலைசர் வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது அந்த அக்கா போட்ட சட்டம். பாதிக்கு மேல் சார்ஜ் ஏறியிருந்த கைபேசியை நைசாகத் திரும்பச் செருகப் போன ஒரு பையன் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கிரிட்ஸரின் கதையைப் படித்தபோது அமெரிக்காவைப் பற்றிப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கிரிட்ஸரின் தெருவில் நல்லவர்கள் கொஞ்சம் அதிகம்தான். எங்கள் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் குடம் வைக்கும் வரிசையிலேயே மூன்று தலைமுறைப் பகை வெளியே வந்துவிடும். அந்தக் காரம் கதையில் இல்லை.

நான் ஒரு கதையை எடைபோடுவது எப்படி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிசயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பறக்கும் நகரமோ சாகாவரமோ. அதை ஓட்ட யார் வேலை செய்கிறார்கள், செலவு யார் தலையில் விழுகிறது என்று கதை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எனக்கு அது வெறும் வாணவேடிக்கை.

இந்தக் கேள்வியை வெகு முன்பே கேட்டவர் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின். 1973இல் வந்த அவருடைய ஓமெலாஸ் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரே ஆனந்தமாக வாழ்கிறது. அதற்கு விலையாக ஒரு குழந்தை இருட்டறையில் வதைபட்டுக் கிடக்கிறது. விஷயம் தெரிந்ததும் சிலர் ஊரைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். கதை அதோடு முடிகிறது. எல்லோரும் உச்சிமுகரும் அந்த முடிவு எனக்கு எப்போதுமே உறுத்தல்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில், நகரத்தின் குப்பை கொடுங்கையூரில், துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எங்கள் சாலையில். இங்கே வளர்ந்தவனுக்கு, மனசாட்சி உறுத்தியதும் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் பெரிய மரியாதை வருவதில்லை. போக இடமிருக்கிறது, போகிறார்கள்.

அதனால்தான் இசபெல் ஜே. கிம் எழுதிய பதில் கதை எனக்கு அவ்வளவு பிடித்தது. ‘வை டோன்ட் வி ஜஸ்ட் கில் தி கிட் இன் தி ஓமெலாஸ் ஹோல்’ என்பது பெயர். 2024 பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழில் வந்து, அந்த ஆண்டின் சிறந்த சிறுகதைக்கான நெபுலாவை வென்றது. இதில் யாரோ உள்ளே புகுந்து அந்தக் குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். ஊரின் விளக்குகள் அணைகின்றன, விபரீதங்கள் தொடங்குகின்றன. ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்து உள்ளே போடுகிறார்கள். அதையும் கொல்கிறார்கள். செய்தி பரவி, ஊர் ஊராக ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். அரட்டைக் குரலில், கிண்டலும் குதர்க்கமுமாகவே முழுக் கதையும் ஓடுகிறது. முதலில் எரிச்சலாக இருக்கும், நடுவில் ஓரிடத்தில் அந்தக் கிண்டல் திகட்டியும் போகும். ஆனால் குழந்தைகளைக் கொல்வதைப் பற்றி இவ்வளவு லேசான குரலில் பேசுகிறார்களே என்று நாம் கோபப்படுகிற இடத்தில் கதை நம்மைப் பிடித்துவிடுகிறது. அந்த மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்து, வலையும் படகும் கறுத்துப்போனபோது மீனவர்களே குவளையும் வாளியுமாக அதை அள்ளினார்கள். படங்கள் எல்லா இடத்திலும் வந்தன, எல்லோரும் ஐயோ என்றார்கள். பிறகு வேறு செய்தி வந்துவிட்டது. கிம் கதையின் ஊர்கள் எல்லாம் இப்படித்தான் ஐயோ சொல்கின்றன.

அதே வகையில் இன்னொன்று, எஸ். எல். ஹுவாங்கின் ‘ஆஸ் தி லாஸ்ட் ஐ மே நோ’. 2020 ஹியூகோ. பேரழிவு ஏவுகணையை ஏவுவதற்கான குறியீடு ஒரு சிறுமியின் உடலுக்குள் பதித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏவ வேண்டுமானால் அதிபர் தன் கையாலேயே அவளைக் கொன்று அதை எடுக்க வேண்டும். இது வெறும் கற்பனையில்லை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷர் 1981இல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட இதே யோசனையை முன்வைத்தார். அவருடைய யோசனையில் இருந்தவர் ஒரு தன்னார்வலர், ஹுவாங் சிறுமியாக்கிவிட்டார். அவள் கவிதை எழுதுகிறாள். போரோ நெருங்கிக்கொண்டே இருக்கிறது. அதிபரை ராட்சசனாகக் காட்டியிருந்தால் கதை படுத்திருக்கும். அவர் நல்ல மனிதர், அதுதான் பயம். நான் படித்த சமீபத்திய சிறுகதைகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். முடிவைச் சொல்ல மாட்டேன்.

நாவல் வேண்டும் என்றால் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’. கொழும்புக்காரர். 2023இல் வந்து, அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலாவை வென்றது. நாயகன் ஃபெட்டர் பிறந்த உடனேயே அவனுடைய நிழலை அவன் தாய் ஓர் ஆணியால் பிய்த்து எடுத்துவிடுகிறாள். ஊர் கும்பிடும் மகானான அவன் தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். அவனோ பெரிய நகரத்துக்கு ஓடிப்போய், தன்னைப் போலவே விதி கைவிட்ட மற்றவர்களோடு கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான். அவதார புருஷன் கதைகள் அலுத்துப்போனவர்களுக்கு இது விருந்து. ஆனால் தமிழ் வாசகரை உலுக்கப்போவது அந்த மாயமெல்லாம் இல்லை. கலவரம், அடையாள அட்டை, எந்த இனம் எந்த வகை என்று பிரித்து எழுதும் அலுவலகம், முள்வேலிக்குள் முகாம் எல்லாம் வருகின்றன. நாட்டின் பெயர் எங்கும் இல்லை, நமக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. புழல் காவாங்கரை முகாமில் வளர்ந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் தன் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லும்போது இருக்கும் அதே சலனமில்லாத குரல்தான் இந்த நாவலின் முகாம் பகுதியிலும் இருக்கிறது. நாவல் நடுவில் சில இடங்களில் இழுக்கிறது, யார் கதை சொல்கிறார்கள் என்ற புதிர் கடைசியில் அவிழ்வதும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. இருந்தாலும் அண்மைக்கால மிகுபுனைவில் நமக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த வேறொன்றை நான் படிக்கவில்லை.

இனி, என்னோடு ஒட்டாதவை. சமந்தா மில்ஸின் ‘ராபிட் டெஸ்ட்’ 2023 ஹியூகோ வாங்கியது. கருக்கலைப்பு உரிமையைப் பற்றியது. முற்காலத்தில் பெண்ணின் சிறுநீரை முயலுக்குச் செலுத்தி, பிறகு முயலை அறுத்துப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதிசெய்தார்கள் என்பது போன்ற வரலாற்றுத் துண்டுகள் அருமை. ஆனால் எதிர்காலத்தில் நடக்கும் பகுதி கட்டுரைக்குக் கதை வேடம் போட்டதுபோல் இருக்கிறது. சொல்வதெல்லாம் சரி, அந்தப் பெண்தான் மனதில் நிற்கவில்லை. லாவண்யா லட்சுமிநாராயணின் ‘தி டென் பெர்சன்ட் தீஃப்’ பெங்களூரின் எதிர்காலம். திறமைப் பட்டியலில் கடைசிப் பத்து சதவிகிதத்தில் விழுந்தவர்களை வேலிக்கு வெளியே தள்ளிவிடும் நகரம். அருமையான கரு, முதல் சில அத்தியாயங்கள் பறக்கின்றன. அப்புறம் அதே கேலியையே வேறு வேறு ஆட்களை வைத்துச் செய்கிறார். கிரிட்ஸரே எழுதி 2024இல் ஹியூகோ வாங்கிய ‘பெட்டர் லிவிங் த்ரூ அல்காரிதம்ஸ்’ கூட எனக்கு இனிப்பு அதிகம். நம்மை நல்வழிப்படுத்தும் செயலி ஒன்று வருகிறது, நாம் மகிழ்ச்சியாக இருக்கிறோம். அலுவலகத்தில் வருகைப்பதிவுச் செயலியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் செரிக்காது.

இயந்திரம் எழுதியதா என்ற கேள்விக்கு வருகிறேன். பயம் நியாயமானதுதான். 2023 பிப்ரவரியில் இயந்திரத்தால் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ ஆசிரியர் நீல் கிளார்க் கதைகள் வாங்குவதையே சில காலம் நிறுத்தி வைத்தார். அறிவியல் புனைகதை இதழுக்கே இந்தக் கதி வந்தது வேடிக்கைதான், ஆனால் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. மேலே சொன்ன கதைகளைப் படித்துப் பாருங்கள், அந்தச் சந்தேகம் வராது. ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’, ‘அன்கேனி’, முன்பு ‘டோர்.காம்’ என்றிருந்த ‘ரியாக்டர்’ மூன்றையுமே இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். என் வாசிப்பெல்லாம் மெட்ரோவில்தான். விம்கோ நகரில் ஏறியதும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட வேண்டும். புது வண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கினால் இணையம் நொண்டத் தொடங்கிவிடும். கிண்டி போய்ச் சேர்வதற்குள் ஒரு சிறுகதை தாராளமாக முடியும்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை இன்றும் எனக்குப் பிடிக்கும். பிள்ளை பெறக்கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய அந்த உலகத்தை ஆனந்த விகடன் தொடரில் வைத்து வாரா வாரம் காத்திருக்க வைத்தது சாதாரண வேலையில்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு சித்த மருத்துவம், தத்துவம் என்று நம் மண்ணிலிருந்து கருவை எடுத்தது. ‘அரூ’ இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்களை எழுத வைத்தது. இவை இருந்தும், நான் படித்த தமிழ்க் கதைகளில் பல ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை. விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார், விஞ்ஞானி வருந்துகிறார். கூடத்தைப் பெருக்குகிறவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. மிகுபுனைவு என்றால் ராஜா, புதையல், சித்தர்.

இத்தனைக்கும் கரு எங்கள் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. கடலில் எங்கே மீன் கிடைக்கும் என்று செயற்கைக்கோள் தகவலை வைத்து ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு ஏற்கெனவே அறிவிப்புத் தந்துகொண்டிருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு தள்ளிப் போய், அந்தக் கணிப்பு ஒரு தனியார் செயலியின் கைக்கு முழுவதுமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தனக்குக் காசு கட்டிய படகுகளுக்கு மட்டும் சரியான இடத்தைக் காட்டுகிறது, மற்றவர்களை வெறுங்கடலுக்கு அனுப்புகிறது. காசிமேட்டில் இதை முதலில் மோப்பம் பிடிப்பது யார்? படகுக்காரரா, விடியுமுன் ஏலம் கூறுகிறவரா, எந்தப் படகுக்கு எத்தனை பெட்டி ஐஸ் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஐஸ் உடைக்கிறவரா? நானாக இருந்தால் ஐஸ் உடைக்கிறவரைத்தான் நாயகனாக்குவேன். இப்படி ஒரு கதை தமிழில் ஏற்கெனவே வந்திருந்தால் யாராவது கீழே சொல்லுங்கள், படித்துவிட்டு அதையும் திட்டிப் பார்க்கிறேன்.