வற்றிய கண்மாயில் என்ன பாடம் நடத்துவது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் தண்ணீர் பங்குனிக்குள் வற்றிவிடுகிறது. நீர்நிலை உயிரினங்கள் பற்றிய பாடத்தை நான் எடுக்கும்போது அங்கே வெடிப்பு விட்ட மண்தான் இருக்கிறது. அப்போது பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?

பதில்: முதல் முறை அப்போதுதான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. மழையை நம்பிய கண்மாய்க்கு நிறைவதைப் போலவே வற்றுவதும் இயல்பு. அங்குள்ள உயிர்கள் பலவும் அந்த வறட்சியைக் கடக்கும் வழியோடுதான் வாழ்கின்றன. நத்தை, ஓட்டின் வாயைக் கெட்டியான மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் உறங்கும். விரால் காற்றையும் சுவாசிக்க வல்லது என்பதால், ஈரம் எஞ்சிய சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும். மழைக்குப் பின் காணும் மீன்கள் எல்லாமே இப்படிப் புதைந்து கிடந்தவை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரத்துக்கால் வழியாக மேலேயுள்ள கண்மாய்களில் இருந்து வந்து சேர்பவையும் உண்டு.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். மடைக்கு உட்புறம் ஆழமான இடத்தில் இருந்து ஒரு கை வண்டல், கரையோரத்தில் இருந்து ஒரு கை, பக்கத்து வயலில் இருந்து ஒரு கை என மூன்று இடத்து மண்ணை மூன்று கண்ணாடிப் பாத்திரங்களில் இட்டு, மழைநீரையோ ஒரு நாள் திறந்து வைத்த குழாய்நீரையோ நான்கு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, சன்னலோரம் வையுங்கள். வாயைக் கொசுவலையால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பாடம் டெங்குவைப் பற்றியதாகிவிடும். கலங்கல் தெளிந்து ஒரு வாரம், பத்து நாள் போனபின் உருப்பெருக்கியில் பார்த்தால், வெள்ளைப் புள்ளி போன்ற சிற்றுயிர்கள் துள்ளித் துள்ளி நீந்துவதைக் காண வாய்ப்பு மிகுதி. இவை இறால், நண்டுக்கு உறவான ஓட்டுடலிகள். இவற்றுள் சிலவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. எந்தப் பாத்திரத்தில் முதலில் அசைவு தெரிந்தது, எதில் ஒன்றுமே வரவில்லை என்பதைப் பிள்ளைகளே தேதியிட்டு எழுதட்டும்.

குளத்து நீர் வற்றியதும் பறவைகள் போய்விடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும் என்ற பழைய செய்யுளை அவர்கள் தமிழ் வகுப்பில் உறவுக்கு உவமையாகப் படித்திருப்பார்கள். சேற்றில் புதைந்திருக்கும் ஆம்பல் கிழங்கு ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு அந்தச் செய்யுளை மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். பறவையின் பக்கம் நின்று பேசவும் யாராவது வேண்டும்: இரை தீர்ந்த குளத்தில் தங்கினால் அது பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை முதல் மழைக்கு மறுநாள் காலையில் செல்லுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் சில இனங்களின் ஆண் தவளை பளீரென்ற மஞ்சள் நிறத்துக்கு மாறி நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வற்றும் குளத்தில் பெரிய மீன்கள் நிலைத்திருப்பது அரிது என்பதால் தலைப்பிரட்டைகளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் நீர் வற்றுவதற்குள் அவற்றுக்குக் கால் முளைத்துவிட வேண்டும். நீர் நிறைந்தபின் கரையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. எந்த மூலையில் எவ்வளவு ஆழம் என்பது, மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் ஊர் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். அவரையும் ஒரு மணி நேரம் ஆசிரியராக்கிவிடுங்கள்.

கேள்வி: மதுராந்தகத்தில் ஆசிரியராக இருக்கிறேன். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்ததற்குக் கருணை ஒன்றே காரணம் என்று மாணவர்களிடம் சொன்னால் போதுமா?

பதில்: போதாது, பாதிக் கதை விட்டுப்போகும். மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, அந்த நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. இந்தப் பயனை நன்கு அறிந்திருந்த ஊர்மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் 1798இல் கௌல் (எழுத்து மூலமான உறுதி ஆவணம்) பெற்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத வழக்கம் இருக்கிறது. ஐப்பசியில் கூடு கட்டும் பறவை வெடிச்சத்தத்தில் மிரண்டு பறந்தால், கூட்டில் உள்ள முட்டைக்கும் குஞ்சுக்கும் என்ன ஆகும் என்று மாணவர்களையே கேளுங்கள்.

கேள்வி: நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இருப்பது நத்தையை நொறுக்குவதற்குத்தானே? என் மகளின் சந்தேகம் இது.

பதில்: பாக்குவெட்டி போல நொறுக்குகிறது என்றுதான் முன்பு கருதினார்கள். உண்மையில் அது ஓட்டைப் பெரும்பாலும் உடைப்பதில்லை. கீழலகின் கூரிய நுனியை மூடிக்கு அடியில் நுழைத்து, தசையை அறுத்து, உடலை வெளியே இழுக்கிறது. வழுக்கும் நத்தையைப் பிடித்துக்கொள்ள அந்த இடைவெளி உதவக்கூடும். குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளி இராது, வளர வளரத்தான் தோன்றும். ஆகவே இளம் பறவையைப் பார்த்துவிட்டு "இது வேறு நாரை" என்று உங்கள் மகள் சாதித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.