டெத் வேலி ரிசார்ட்டில் சீசன் வேலை: ஒத்துக்கொள்ளும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி கையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ஒரு ரிசார்ட்டில் அக்டோபர் முதல் மே வரை வேலை, தங்க அறையும் உண்டு. போகலாமா, எப்படித் தயாராவது?

போகலாம். ஆனால் வெயிலை மட்டும் மனதில் வைத்துத் தயாராகாதீர்கள். டெத் வேலி என்றதும் எல்லோரும் 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸைத்தான் சொல்வார்கள். அது ஜூலை. நீங்கள் போகும் சீசனில், டிசம்பர் ஜனவரி பகல் 18, 19 டிகிரியில் நிற்கும். விடியற்காலை 4, 5 டிகிரிக்கு இறங்கும். ஸ்வெட்டர் கட்டாயம். சுடுவது சீசனின் இரண்டு முனைகளும்தான்: அக்டோபர் தொடக்கத்தில் 37, 38, மே கடைசியில் 43ஐத் தாண்டுவதும் உண்டு. பாதி சீசனில் ஆட்கள் மூட்டை கட்டுவதற்கு வெயிலை விட வேறு காரணங்கள் அதிகம். மளிகைக்கு 100 கிலோமீட்டர் போக வேண்டும், போனில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, பகலில் சூப்பர்வைசராக இருந்தவரே ராத்திரி பக்கத்து அறைக்காரராக இருப்பார்.

எந்த இடம் என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். ஃபர்னஸ் கிரீக் கடல்மட்டத்துக்குச் சுமார் 58 மீட்டர் கீழே இருக்கிறது. கடை, பெட்ரோல் பங்க், தபால் நிலையம், டெத் வேலி தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம் எல்லாம் அங்கேதான். ஒப்பிட்டால் அதுதான் ‘டவுன்’. அங்கிருந்து 40 கிலோமீட்டரில் ஸ்டவ்பைப் வெல்ஸ், மணல்மேடுகளுக்குப் பக்கத்தில், கடல்மட்டத்தை ஒட்டி. மேற்கே மலையைத் தாண்டினால் பானமிண்ட் ஸ்பிரிங்ஸ்: சுமார் 590 மீட்டர் உயரம், அதனால் கொஞ்சம் குளிர்ச்சி, வெளி மின்கம்பியை நம்பாமல் சொந்தமாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன இடம். பெரிய ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் என்றால் ஹவுஸ்கீப்பிங் மட்டும். சின்ன இடத்தில் காலையில் அறை கூட்டுகிறவரே மதியம் கல்லாவிலும் மாலையில் பெட்ரோல் பங்கிலும் நிற்பார். எது பிடிக்கும் என்பது அவரவர் சுபாவம். சலிப்பு சீக்கிரம் வருகிற ஆளுக்குச் சின்ன இடமே மேல் என்பேன்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் தருவார்கள்? நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பிப்ரவரியின் பிரசிடெண்ட்ஸ் டே, மார்ச் விடுமுறை ஆகிய நாட்களில் கூட்டம் நெரியும், மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனால் ஜனவரி நடுவில் அறைகள் காலியாகக் கிடந்தால் உங்கள் மணி நேரமும் சுருங்கும். அறை வாடகையும் சாப்பாட்டுப் பணமும் மட்டும் சுருங்காது. அந்த ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

அறை தனியா, பகிர்வா? குளியலறை? சமைக்க இடம் உண்டா? பல ஊழியர் விடுதிகளில் அறைக்குள் ஸ்டவ், ரைஸ் குக்கர் எதற்கும் அனுமதி இல்லை. பொதுச் சமையலறை இருந்தால்தான் சோறு. சைவம் என்றால் இதை முதல் கேள்வியாகவே வையுங்கள். இன்னொன்று: வேலை போனால் அறையும் போகும். எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்.

சம்பளத்தில் கலிஃபோர்னியா சட்டம் தொழிலாளிக்குச் சாதகமானது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, 12ஐத் தாண்டினால் இரண்டு மடங்கு. 5 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஐந்தாவது மணி முடிவதற்குள் 30 நிமிட சாப்பாட்டு இடைவேளை. நீங்கள் வாங்கும் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க முடியாது. மேலாளர் அதில் பங்கு கேட்கவும் கூடாது. அறையையும் சாப்பாட்டையும் குறைந்தபட்ச ஊதியத்தில் கழிக்க வேண்டுமானால் நீங்கள் விரும்பி எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சேரும் நாளில் நீட்டுகிற காகிதக் கட்டில் அந்தச் சம்மதப் படிவமும் இருக்கலாம். வேகமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளாதீர்கள்.

இனி வெயில். அக்டோபரிலும் மே மாதத்திலும் இது நிஜமான விஷயம். கலிஃபோர்னியா விதிப்படி, வெளிவேலையில் 27 டிகிரி (80 ஃபாரன்ஹீட்) வந்தாலே நிழல் தர வேண்டும். ஆளுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர் தர வேண்டும். புதிதாக வந்தவரை முதல் 14 நாள் கண்காணிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் உள்ளறைகளுக்கும் விதி வந்துவிட்டது: 28 டிகிரியை (82 ஃபாரன்ஹீட்) எட்டினால் உடலைத் தணிக்கத் தனி இடம் வேண்டும். ரிசார்ட்டில் இது யாருக்கு முக்கியம் என்றால் லாண்டரிக்கும் கிச்சனுக்கும். வெளியே 25 டிகிரி இருக்கும்போதே டிரையர்கள் ஓடும் அறை 35ஐத் தொடும்.

உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் சூட்டில் வேலை நேரம் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுவது என்பதுதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. தண்ணீரை 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளராக, அதாவது 240 மில்லி அளவில் குடியுங்கள். தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் ஏற்றுவது ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதை ‘தண்ணி பத்தல’ என்று நினைத்து இன்னும் குடிக்க வைத்தால் நிலைமை மோசமாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். கைவசம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அங்கே வியர்வை தெரியாது, பூக்கும் முன்பே காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை உப்புக்கோடு படிவதுதான் அடையாளம். யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. உடனே நிழலுக்கு இழுத்து, உடம்பின் மேல் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே 911ஐ அழையுங்கள். பூங்காவுக்குள் மருத்துவமனை கிடையாது என்பதால் உதவி வர நேரம் எடுக்கும். அதுவரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்விப்பதுதான் சிகிச்சை.

ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை, சில மனநல மருந்துகள், சில அலர்ஜி மாத்திரைகள் சூட்டைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் தபாலில் வரவழைக்க வேண்டாம், சுடுகிற வேனில் பாதி நாள் கிடக்கும்.

அறையில் ஏ.சி.யா, ஏர் கூலரா என்று கேளுங்கள். இந்தப் பக்கத்து வறண்ட காற்றில் கூலர் பிரமாதமாக வேலை செய்யும், காற்றை 10 டிகிரிக்கு மேல்கூடக் குறைக்கும். ஆனால் புதிதாக வருகிறவர் அதையும் ஏ.சி. மாதிரி நினைத்து ஜன்னலை இறுக்கிச் சாத்திவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் அறை ஈரமாகி, படுக்கை பிசுபிசுத்து, குளிர்ச்சியும் நின்றுவிடும். கூலருக்கு எதிர்ப்புறத்து ஜன்னலை நாலு விரல்கடை திறந்து வைக்க வேண்டும். உள்ளே தள்ளும் காற்று வெளியேற வழி வேண்டுமே. அடுத்த தொல்லை உப்பு. தண்ணீர் ஆவியாக, சுண்ணாம்பு முழுக்க, நீரில் நனையும் பேடிலும் பம்ப்பின் சல்லடையிலும் தங்கும். பேடின் ஒரு பகுதி மட்டும் காய்ந்து வெள்ளையாக இருந்தால், மேலே தண்ணீர் சொட்டும் குழாயின் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காய்ந்த இடம் வழியாகத்தான் சூடான காற்று புகுந்துகொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு ஊசியால் துளையைக் குத்தி, வினிகர் ஊற்றிக் கழுவினால் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து புது நீர் விட்டால் மீன்வாடையும் வராது. மழை மேகம் கவிந்த நாளில் கூலர் கைவிடும், அதற்கு மருந்து இல்லை.

கோடையிலும் தங்குகிறவர்களுக்கு ஒரு பழைய பாலைவனத் தந்திரம்: பூமிக்கடியில் குழாயே சுட்டு, குளிர்நீர்க் குழாயில் வெந்நீர்தான் வரும். வாட்டர் ஹீட்டரை அணைத்துவிட்டால் அந்தத் தொட்டி நீர் அறைச் சூட்டுக்கு ஆறிவிடும். அப்போது ‘ஹாட்’ குழாய்தான் குளிர்நீர்.

கார் இல்லாமல் போகாதீர்கள். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து மளிகை, மருத்துவமனை, மெக்கானிக் எல்லாவற்றுக்கும் நெவாடாவின் பஹ்ரம்ப், சுமார் 100 கிலோமீட்டர். இந்திய மளிகை வேண்டுமென்றால் லாஸ் வேகஸ், 2 மணி நேரம். பானமிண்ட் பக்கமிருந்தால் லோன் பைன் 80 கிலோமீட்டர், ரிட்ஜ்கிரெஸ்ட் 110க்கு மேல். பூங்காவுக்குள் பெட்ரோல் மூன்று இடத்தில் கிடைக்கும், விலை கண்ணைக் கட்டும். வெளியே போகும்போதெல்லாம் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள்.

கிளம்புமுன் பேட்டரி மூன்று வருடத்துக்கு மேலானதென்றால் மாற்றிவிடுங்கள். சூடுதான் பேட்டரியைக் கொல்கிறது. கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட் பாருங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் சரிபாருங்கள். மதியம் சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் காலையில் குறைந்த காற்றோடு ஓட்டி டயரைக் கிழிப்பீர்கள். ஸ்டெப்னி முழு அளவாக இருக்கட்டும், சரளைச் சாலைக் கற்கள் கத்தி மாதிரி. ஸ்டவ்பைப் வெல்ஸுக்கும் பானமிண்டுக்கும் நடுவே டவுன் (Towne) என்ற மலைக் கணவாய், உயரம் ஏறத்தாழ 1,510 மீட்டர். ஏறும்போது ஏ.சி.யை அணையுங்கள். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம் கட்டுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள்.

காரில் எப்போதும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். வண்டி நின்றால் வண்டியோடு இருங்கள். ஜி.பி.எஸ். மூடிப்போன மண்சாலைக்குள் கொண்டுவிடும். காகித வரைபடம் ஒன்று வாங்கி வையுங்கள்.

மழையை லேசாக எண்ண வேண்டாம். ஆண்டுக்குச் சராசரி 50 மில்லிமீட்டர்தான், ஆனால் 2022 ஆகஸ்ட் 5 அன்று சில மணி நேரத்தில் 37 மில்லிமீட்டர் கொட்டி, சுமார் 1,000 பேர் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர். பூங்கா அக்டோபர் 15 வரை மூடியிருந்தது. அக்டோபர் முதல் தேதி வேலை என்று நம்பிப் பழைய வீட்டைக் காலி செய்தவரின் கதியை யோசித்துப் பாருங்கள். சேரும் தேதி தள்ளிப்போனால் தங்க எங்கே போவது, அதுவரை சம்பளம் உண்டா என்பதை முன்பே கேளுங்கள். அறையிலும் மூன்று நாளுக்கான உணவும் நீரும் இருக்கட்டும்.

மற்றவை சில்லறை. ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் தவிர மற்ற இடங்களில் சிக்னலை மறந்துவிடுங்கள். படங்கள், பாட்டு, வரைபடம் எல்லாம் டவுன்லோடு செய்துகொண்டு போங்கள். மூக்கு காய்ந்து ரத்தம் வரும், குதிகால் வெடிக்கும், வாஸ்லின் டப்பா பெரியதாக வாங்குங்கள். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேளும் கருப்பு விதவைச் சிலந்தியும் உண்டு. வாசலில் நாய் மாதிரி நிற்கும் கயோட்டி என்ற சிறு ஓநாய்க்குத் தீனி போடாதீர்கள். பழகிவிட்டால் கடைசியில் அதைத்தான் கொல்ல வேண்டிவரும். வெறுங்காலோடு தார்ச்சாலையில் இறங்க வேண்டாம். 1972 ஜூலை 15 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் சூடு 93.9 டிகிரி. விடுமுறை நாளில் ரிசார்ட்டிலேயே கிடந்தால் யாராவது ‘ஒரு ஷிஃப்ட் பார்த்துக்கொள்’ என்று கதவைத் தட்டுவார்கள், அன்று விடியும் முன்பே கிளம்பிவிடுவது உத்தமம்.

சீசன் முடிந்தோ நடுவிலோ விலகுவதானால் 72 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லுங்கள். கடைசி நாளிலேயே முழுச் சம்பளம் கைக்கு வர வேண்டும். சொல்லாமல் விலகினால் அவர்களுக்கு 72 மணி நேரம் அவகாசம். அவர்களே நிறுத்தினால் அன்றே கணக்குத் தீர்க்க வேண்டும். வரிக்கான டபிள்யூ-2 படிவம் அடுத்த ஜனவரியில்தான் வரும் என்பதால், எங்கே அனுப்புவது என்ற முகவரியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சாவியை ஒப்படையுங்கள்.