பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, பிரிட்ஜ் ஏன் நிற்கிறது?

கேம்பர் டிரெய்லர் (கார் பின்னால் இழுத்துப்போகும் மடிப்புக் கூடார வண்டி) மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மேற்கு சிட்னியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, போன வருடம் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். பள்ளி விடுமுறைக்கு ஜெர்விஸ் பே போயிருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு 40 லிட்டர் பிரிட்ஜ் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி மீட்டரைப் பார்த்தால் 12.4 வோல்ட்! பேட்டரி போய்விட்டது என்றார்கள் கடையில். புதிதாக 100 ஆம்பியர்-அவர் ஏ.ஜி.எம். (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி வாங்கிப் போட்டோம். அடுத்த பயணத்திலும் அதே கதைதான். குழந்தைக்கு வைத்திருந்த பால் கெட்டுப்போனது. இனி எதை மாற்றுவது?
— வாசகர், பெண்டில் ஹில்

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரண மீட்டரே போதும்.

நீங்கள் பார்த்த 12.4 பொய்யில்லை. ஆனால் அது பிரிட்ஜ் நின்ற பிறகு எடுத்த அளவு. கம்ப்ரஸர் ஓடும்போது நாலு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த மின்னோட்டம் மெல்லிய வயர், துருப்பிடித்த எர்த் (டிரெய்லரின் இரும்புச் சட்டமான சேஸிஸில் கொடுக்கும் நெகட்டிவ் இணைப்பு), தளர்ந்த சாக்கெட் வழியாகப் போனால் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வோல்டேஜ் விழும். பேட்டரியில் 12.3 இருக்கும், பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.2 ஆக இருக்கும். பேட்டரி காலியாகிவிட்டது என்று நினைத்து பிரிட்ஜ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நின்றதும் மின்னோட்டம் இல்லை, அதனால் இழப்பும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஏ.ஜி.எம். பேட்டரி ஓய்வில் 12.4 காட்டினால் அதில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. இதைச் சொல்லாமல் பேட்டரியை விற்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

ஆகவே பிரிட்ஜ் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். குளிரை அதிகமாக வைத்து கம்ப்ரஸரை ஓடவிடுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பிரிட்ஜ் சாக்கெட்டின் பின்பக்கம் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு வழியில்தான்.

எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு முள்ளால் அதே பாசிட்டிவ் வயரின் பாதையில் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போங்கள்: லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), பியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுவிட்ச், சாக்கெட். 0.02, 0.03 என்று மெதுவாக ஏறிவந்த எண் திடீரென்று 0.4 ஆனால், கடைசியாகத் தாண்டிய இணைப்புதான் குற்றவாளி. நெகட்டிவ் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். பலர் பாசிட்டிவோடு நிறுத்திவிடுவார்கள். என் பட்டறைக்கு வரும் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் நெகட்டிவ் பக்கம்தான் சிக்கல்: சேஸிஸில் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு எர்த் கொடுத்திருப்பார்கள். கடற்கரை உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மீட்டரை மட்டும் ஆம்பியர் நிலையில் வைத்து பேட்டரி முனைகளைத் தொடாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

உங்கள் டிரெய்லரில் மூன்று இடங்களை முதலில் பாருங்கள். ஒன்று, சிகரெட் லைட்டர் சாக்கெட். அதற்குள் இருப்பது வெறும் ஸ்பிரிங் தொடர்பு. மண் ரோட்டு அதிர்வில் தளரும். பிரிட்ஜ் ஓடி அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அங்கேயே வோல்டேஜ் வீணாகிறது. அதைக் கழற்றிவிட்டு 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக மின்னோட்டம் தாங்கும், இறுக்கமாகப் பிடிக்கும் பிளக்) போடுங்கள். இரண்டு, அந்த எர்த் போல்ட். சேஸிஸை நம்பாமல் நெகட்டிவுக்கும் தனி வயரை பேட்டரி வரை இழுப்பதே என் வழக்கம்.

மூன்றாவது வயரின் தடிமன். ஆஸ்திரேலியாவில் ஆட்டோ கேபிளை '4 எம்.எம்.' என்று விற்றால் அது மேலே இருக்கும் பிளாஸ்டிக்கையும் சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு 1.8 சதுர மில்லிமீட்டர்தான். முன்பெட்டியில் பேட்டரியும் பின்னால் கிச்சனும் இருந்தால் போக 5 மீட்டர், வர 5 மீட்டர். நாலு ஆம்பியரில் வயரில் மட்டுமே கிட்டத்தட்ட 0.4 வோல்ட் போய்விடும். அதே தூரத்துக்கு 8 பி அண்ட் எஸ் கேபிள் (8 சதுர மில்லிமீட்டர் செம்பு) போட்டால் இழப்பு 0.1-க்கும் கீழே. பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

பழைய பேட்டரியை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முழுக்க சார்ஜ் செய்து ஒரு ராத்திரி சும்மா வைத்தால் 12.7-க்குக் குறையக் கூடாது. அப்புறம் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை செங்கல் மேல் வைத்து (நன்றாகச் சூடாகும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்) பத்து மணி நேரம் எரியவிடுங்கள். சுமார் 45 ஆம்பியர்-அவர் செலவாகும். பல்பு எரியும்போதே 11.5-க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள், அது போன பேட்டரி. பத்து மணி நேரமும் தாங்கி, பல்பைக் கழற்றி சில மணி நேரம் கழித்து 12.2 காட்டினால் அது நல்ல பேட்டரி.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கணக்கை மறக்காதீர்கள். உங்கள் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 40 ஆம்பியர்-அவர் எடுக்கும். ஏ.ஜி.எம்.மில் பாதிதான் எடுக்கலாம். ஆக ஒன்றரை நாள். ஜெர்விஸ் பேயில் மூன்று இரவு தங்குவதென்றால் 120 வாட் மடிப்பு சோலார் பேனல் வேண்டும். டிரெய்லர் மர நிழலில் நிற்கட்டும். நீளமான வயர் போட்டு பேனலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: புது யூட் (பிக்கப் வண்டி) வாங்கினோம். ஆண்டர்சன் பிளக் மூலம் டிரெய்லர் பேட்டரிக்கு நேரடி இணைப்பு. மெல்போர்னிலிருந்து கிராம்பியன்ஸ் வரை மூன்று மணி நேரம் ஓட்டியும் பேட்டரி நிறைவதில்லை. பழைய வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.
— வாசகி, டாண்டெனாங்

பதில்: புது வண்டிகள் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். வண்டியின் சொந்த பேட்டரி நிறைந்ததும் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைத்துவிடும். ஏ.ஜி.எம். முழுதாக நிறைய 14.4 வோல்ட் அளவுக்கு வேண்டும். அது கிடைக்காமல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பயனில்லை, அம்மா.

டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்தில் 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் பொருத்துங்கள். குறைந்து வரும் வோல்டேஜை அது உயர்த்திக் கொடுக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டிக்கு இக்னிஷன் சிக்னல் வயரையும் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கும்போது வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து சார்ஜர் வேலையை நிறுத்திவிடலாம். வண்டியிலிருந்து வரும் கேபிள் 6 பி அண்ட் எஸ் ஆக இருக்கட்டும் (இந்த எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்). இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். இதில் சமரசம் கூடாது. நடுவில் ஷார்ட் ஆனால் இரண்டு பேட்டரிகளும் நெருப்பைக் கொடுக்கும்.

கேள்வி: கேரவன் பார்க்கில் 240 வோல்ட் இணைத்த உடனே டிரிப் ஆகிறது. நானே திறந்து பார்க்கலாமா?
— வாசகர், பிரிஸ்பேன்

பதில்: வேண்டாம். 12 வோல்ட் வேலையை நீங்களே செய்யலாம். டிரெய்லரில் நிலையாகப் பொருத்திய 240 வோல்ட் வயரிங்கைத் தொட லைசன்ஸ் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: கெட்டில், சார்ஜர் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். டிரிப் ஆவது நின்றால், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதில் டிரிப் ஆகிறதோ அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எதுவும் இல்லாமலே டிரிப் ஆனால் லீடில் (பார்க் மின்சாரத்தை டிரெய்லருக்குக் கொண்டுவரும் வயரில்) அல்லது வெளி இன்லெட்டில் தண்ணீர் போயிருக்கலாம். வேறு நல்ல 15 ஆம்பியர் லீடில் ஒரு தடவை முயற்சி செய்யுங்கள். அப்போதும் அப்படியே என்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டு லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிரிப் ஆகும் அந்த ஆர்.சி.டி. (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிப்பது உயிரைக் காப்பாற்றத்தான். டிரிப் ஆகாத சாக்கெட் தேடி பக்கத்து இடத்துக்குப் போகாதீர்கள். வீட்டு சாக்கெட்டில் நுழைய வேண்டும் என்று 15 ஆம்பியர் பிளக்கின் அகலமான எர்த் பின்னை அரம் போட்டுத் தேய்த்த லீட் உங்களிடம் இருந்தால், அதை இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.